நெட்டையக்காவின் முதுகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், சாப்பிட்டது செரிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இருவருக்கும் நாளெல்லாம் நினைப்பு. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்துக்கு நடுவில் யாரும் உன்னைக் கூப்பிட முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே சரிசெய்கிறேன் என்று மல்லுக்கட்டினார், பிறகு பிளம்பரைக் கூப்பிட்டோம், அவர் வந்து முதலில் உன் அப்பா சரிசெய்ததைச் சரிசெய்தார், அப்புறம்தான் குழாய்க்கே போனார்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைக் குழுவுக்குத் தலைவி ஆக்கியதிலிருந்து கூட இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதில் ஒருவர் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை, அவரை மாற்றிவிடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன் என்றாய். மாற்று என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உன் வேலை தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு எது தேவையோ எடுத்துக்கொள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னை மடிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதன் பிறகு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நேற்றுவரை ஒரே மேசையில் என்னோடு பெட்ஷீட் மடித்தவர்கள், நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைப் பார்ப்பார்கள். அதனால் டீ நேரத்தில் நான் அங்கே போவதையே விட்டுவிட்டு, கூடத்தின் மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். சும்மா உட்கார்ந்தால் மனம் கண்டதையும் நினைக்கிறது என்று பென்சிலும் தாளும் எடுத்துப் போக ஆரம்பித்தேன். நூலகத்து மாடியில் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்குப் போகிறேன், அது உனக்குத் தெரியும். ஓவிய டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். முதல் வகுப்பில் நாற்காலி வரையச் சொன்னாள், நாலு காலும் ஒரே அளவில் வரைந்து பெருமையாகக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்க இந்த நாற்காலியைப் பாக்கவே இல்லம்மா, உங்க மனசுல ஏற்கெனவே இருக்கிற நாற்காலியை வரைஞ்சுட்டீங்க" என்றாள். அதிலிருந்து தாளைப் பார்ப்பதைவிட எதிரில் இருப்பதை அதிக நேரம் பார்க்கப் பழகினேன்.

இதற்கிடையில் வார்டுகளுக்குத் துணி தாமதமாகப் போகிறது என்று புகார் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "யார் மெதுவா பண்றாங்கன்னு ஒரு பேர் குடுங்க, இறக்குற பிரிவுக்கு மாத்திடலாம்" என்றார். இறக்கும் பிரிவு என்றால் ஈரமும் அழுக்குமான மூட்டைகளை வண்டியிலிருந்து தூக்கிப் போடும் வேலை. பெயரை யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. எங்களில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமானவளை நெட்டையக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவள் பத்து பெட்ஷீட் மடித்தால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவாள், சோம்பேறி என்று எல்லோரும் வைத்த பெயரை நானும் நம்பியிருந்தேன். ஆனாலும் உடனே சொல்ல மனம் வராமல், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கு டீ நேரம் முடிந்து எல்லோரும் மேசைக்குத் திரும்பிய பிறகும் நான் எழுந்திருக்காமல், மடித்துக்கொண்டிருந்த அவளையே வரைய உட்கார்ந்தேன். நன்றாக வரவில்லை. முதுகு கொக்கி மாதிரி வளைந்து வந்தது, இவ்வளவு வளைவு எப்படி இருக்கும் என்று அழித்தேன், மறுபடி பார்த்து வரைந்தால் மறுபடி கொக்கி. பக்கத்தில் நிற்கும் குள்ளப் பெண்ணை வரைந்தேன், அவளுக்கோ இரண்டு தோளும் காதைத் தொட்டுக்கொண்டு நின்றன. என் கைக்கு வரைய வரவில்லை என்று அலுத்துப்போய், சனிக்கிழமை அதை டீச்சரிடம் காட்டினேன். அவள் தாளைத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "படம் சரியாத்தான் இருக்கும்மா, மேசைதான் இவங்க ரெண்டு பேருக்குமே பொருந்தல போல" என்றாள். இத்தனை வருஷம் அதே மேசையில் மடித்தவள் நான், நடுத்தர உயரம், எனக்கு வலித்ததே இல்லை, அதனால் எனக்குத் தெரியவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் நேரே ஆஸ்பத்திரித் தச்சரிடம் போனேன். அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார், ஆனால் ஒரு மேசையின் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார், இன்னொன்றின் கால்களை அறுத்துக் குறைத்தார். நெட்டையக்கா உயர்த்திய மேசையின் முன்னால் நின்று ஒரு அடுக்கு முழுவதும் நிறுத்தாமல் மடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வலின்னா எல்லாருக்கும்தானே இருக்கும்னு நெனச்சேன்க்கா, தனியா சொல்லணும்னு தோணல" என்றாள். நான் அடுத்த பெட்ஷீட் அடுக்கை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். மேனேஜர் பெயர் கேட்டதற்குப் படத்தை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவரும் நல்ல மனுஷர்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், "இஸ்திரிப் பிரிவையும் ஒரு நாள் உட்கார்ந்து வரைஞ்சு குடுங்களேன்" என்றார். வார்டுகளிலிருந்து இப்போது புகார் இல்லை. சாப்பாட்டு அறையில் எனக்கும் ஒரு இடம் விடுகிறார்கள், ஆனால் தங்களையும் வரையச் சொல்லி, மூக்கைக் குறைத்துப் போடு, தாடையைக் குறைத்துப் போடு என்று ஆளாளுக்குத் தொல்லை.

அதனால் கண்ணு, அந்த வாய் திறக்காதவரை ஒரு வாரம் நன்றாகப் பார். எங்கே உட்காருகிறார், அவர் பேச ஆரம்பிக்கும்போது யார் குறுக்கே வருகிறார், யார் பேசும்போது தலையைத் தூக்குகிறார் என்று பார். முடிந்தால் வரைந்து பார், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை, வரையும்போதுதான் கண் நகராமல் நிற்கிறது. அப்புறமும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் மாற்று, அப்போது அது உன் முடிவு.

கண் டாக்டரிடம் போக மறக்காதே, இரண்டு மாதமாகத் தள்ளிப்போடுகிறாய். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், நான் வரைந்தது இல்லை. நேற்று நெட்டையக்கா என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு, "ஒரு நாளாவது நீங்க உக்காருங்க" என்று சொல்லி என்னை வரைந்தாள். பார்த்தால் நான்தான் என்று உனக்கே தெரியும். காது மட்டும் ரொம்பப் பெரிதாகப் போய்விட்டது என்று அழிக்கப் போனாள், இருக்கட்டும் விடு என்று வாங்கிக்கொண்டேன்.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா