மதினி பார்க்காத கால்விரல்

என் அருமை அருளம்மாள் மதினிக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் நாற்பது நாளாகிறது. மாயாபந்தரில் மழை விட்டுவிட்டது. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், நேற்றுதான் சவரம் செய்துகொண்டார். இன்று உங்களோடு சண்டை போடவே எழுதுகிறேன்.

கீல்வாதத்தில் தூக்கம் தொலைந்து, கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னைக் கப்பலேற்றி மெட்ராசுக்குக் கூட்டிப்போனது நீங்கள். அங்கே டாக்டர் என் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார். மூளையில் மனசு அடங்குகிற அலை ஓடினால் அந்த மெஷின் மெல்லச் சத்தம் கொடுக்கும். அந்த நிலையைப் பிடித்துப் பழகினால் தூக்கம் வரும் என்றார். "வாதத்துக்கு மாத்திரைதாம்மா. இது அதுக்குத் துணை. ரெண்டையும் விடாதீங்க" என்றும் சொன்னார். மூன்றாவது வாரம் சத்தம் நன்றாக வரத் தொடங்கியது. ஊர் திரும்பக் கப்பலும் வந்துவிட்டது. மெஷினைத் தீவுக்குக் கொண்டுவர முடியுமா? நான் அழுதேன்.

"அழாதட்டி. அந்தச் சத்தம் வருமுன்ன உன் இடது கால் பெருவிரல் ஆட்டத்த நிறுத்துது. நான் பாத்துக்கிட்டேல்லா இருந்தேன். வீட்டுல நான் பாத்துத் தட்டுதேன்" என்றீர்கள்.

அதன்பின் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நான் படுப்பேன். நீங்கள் காலடியில் உட்கார்ந்து, விரல் நின்றதும் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு. இரண்டே மாதத்தில் ராத்திரியும் தூங்கினேன்.

நீங்கள் போன பிறகு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. உங்கள் தம்பியும் தட்டிப் பார்த்தார். தூண்டிலைப் பார்ப்பதுபோல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார் பாவம். எனக்கு டம்ளரைத் தூக்கி எறியத்தான் தோன்றியது. இனி எனக்குத் தூக்கம் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

போன வாரம் போர்ட் பிளேர் கண் டாக்டரிடமிருந்து உங்கள் பெயருக்குக் கடிதம் வந்தது. உங்கள் தம்பிதான் பிரித்துப் படித்துச் சொன்னார்.

"அக்காவுக்கு ரெண்டு கண்ணும் புரை விழுந்து பந்த் ஆயிட்டாம், ஒண்ணுமே தெரியாதாம். நீங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் போறதுக்கு முந்தியே ஆபரேசன் பண்ணச் சொல்லியிருக்கான். ஏன் இன்னும் வரலன்னு கேட்டு எழுதியிருக்கான்."

"உன் விரல் விறைக்கக் கூடாதுல்லா, நீயே கோரு" என்று ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டுவீர்களே, இதற்குத்தானா? என் கால்விரல் உங்களுக்குத் தெரிந்ததே இல்லையா? பிறகு எதை வைத்துத் தட்டினீர்கள்? எனக்குக் குணமாகட்டும் என்றா உங்கள் கண்ணைத் தள்ளிப்போட்டீர்கள்?

கோபம் வந்தது. அழுதேன். அப்புறம் சிரித்ததில் மூட்டெல்லாம் வலித்தது. விரலைப் பார்க்காமலே தட்டியிருக்கிறீர்கள் என்றால், இத்தனை நாள் தூங்கியது என் சொந்தத் தூக்கம் மதினி.

அன்றே மூன்று மணிக்குப் படுத்தேன். எந்தச் சத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. தாடை தளர்ந்தது, உள்ளங்கையில் சூடு பரவியது. மெட்ராசில் மெஷின் சத்தம் கொடுக்கும்போது இருந்த அதே நிலை. விழித்தபோது விளக்கு ஏற்றியிருந்தது. "எழுப்ப மனசு வரல" என்றார் உங்கள் தம்பி. அன்றிலிருந்து தூங்குகிறேன். மாத்திரையையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு வங்காளத்து அக்காவுக்கு, நம் தீதிக்கு, மூச்சிழுப்பு. அவளுக்கும் தூக்கமில்லை. நாளை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கரண்டியும் டம்ளரும் கழுவி வைத்தாயிற்று. அவள் காலடியில் உட்கார்ந்து, கால்விரலைப் பார்க்கிறேன் என்று உங்களைப்போலவே பொய் சொல்வேன். சொல்லிவிட்டு, நீங்கள் என் மூச்சைக் கேட்டிருப்பீர்களே, அதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அவள் மூச்சைக் கேட்பேன்.

நன்றாகத் தூங்கும்
உங்கள் தம்பி பெண்டாட்டி,
செல்வமேரி