கால்மாட்டில் தொங்கும் தாள்

7 ஜூலை, திங்கள்

வார்டில் சேர்த்தாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்குக் காமினிக்கு அறுவை சிகிச்சை. இதயத்தில் ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும் என்று ஏழு வருடம் பார்த்தோம். மூடவில்லை.

கழிப்பறையில் யாரோ போட்டுப்போன ஈரப் பஞ்சு, என் பிள்ளை கால் வைக்கும் இடத்தில். குமட்டியது. மூன்று தடவை கை கழுவினேன்.

தூங்கவைக்கும்போது அவளிடம் சொன்னேன்: "நர்ஸ் மிஸ்ஸிங்கள தொந்தரவு பண்ணக் கூடாது. வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னு சொல்லணும். அப்பதான் சீக்கிரம் வீட்டுக்கு விடுவாங்க." தலையாட்டினாள். சொன்னால் கேட்டுக்கொள்ளும் பிள்ளை.

8 ஜூலை, செவ்வாய்

ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஐசியுவில் இருக்கிறாள். வாயில் குழாய், நெஞ்சின் நடுவே நீளமாகக் கட்டு. ஐந்து நிமிடம்தான் பார்க்கவிட்டார்கள். லோகா வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் புருஷன் அழுது இதுவரை நான் பார்த்ததில்லை.

10 ஜூலை, வியாழன்

வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்குகிறது. நாடி, காய்ச்சல், மூச்சு, கடைசி வரிசையில் வலி. பூஜ்யத்திலிருந்து பத்துவரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கேட்டு எழுத வேண்டும். ரொஸ்னா என்ற தாதி கதவருகே நின்றபடியே மலாயில் "சாக்கிட்?" என்றாள். காமினி "தாக்" என்றாள். வலிக்குதா, இல்லை, அவ்வளவுதான். தாளில் பூஜ்யம். "பாகுஸ்!" என்று பாராட்டு வேறு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிற்பகல் பிசியோ பெண் சோப்புத் தண்ணீர்க் குமிழி கொண்டுவந்தாள். ஊதினால் நுரையீரல் விரியுமாம். காமினி உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. "மஞ்சா ரொம்ப" என்றாள் அந்தப் பெண். செல்லமாம். செல்லம் கொஞ்சுகிற பிள்ளையா இது? தண்ணீர்க் கப்பை எட்டி எடுக்கக்கூடக் கையை அசைக்காமல், பலகை மாதிரி படுத்திருக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

மதியம் ஒரு மணி. தாளைப் பார்த்தேன். இரண்டு மணிக் கட்டத்தில் பூஜ்யம். ஆறு மணிக் கட்டத்தில் பூஜ்யம். இரவு பத்துக்கும் பூஜ்யம்.

இன்னும் வராத நேரத்துக்கு என் பிள்ளைக்கு வலி இல்லையாம்!

இந்த வேலை எனக்குத் தெரியாதா? பாயான் பாரு ஃபேக்டரியில் பன்னிரண்டு வருடம் கியூசி, தரம் பார்க்கிற வேலை. சாலிடர் மெஷினின் சூட்டை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டிய தாளை, காலையிலேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை நிரப்பிவிடுவார்கள். நிஜமாக எழுதிய தாளில் ஒரு எண் தடித்திருக்கும், ஒன்று கோடு தாண்டியிருக்கும், விரல் அழுக்குப் பட்டிருக்கும். ஒரே மூச்சில் எழுதியதில் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

(அந்தத் தாள்களுக்குக் கீழே 'சரிபார்த்தது' என்று கையெழுத்துப் போடுவது யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.)

ஆனால் அது மெஷின். இது நெஞ்சைப் பிளந்து தைத்த குழந்தை. த்தூ. ரொஸ்னாவிடம் கேட்டதற்கு, "பதினாலு பிள்ளைங்க, நான் ஒருத்தி, காக்" என்றாள், அக்கா என்று உறவு வேறு. இருக்கட்டுமே. பதினாலு பொய்யா எழுதுவாய்?

12 ஜூலை, சனி

காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிவிட்டது. மூச்சை ஆழமாக இழுக்கவில்லை, இருமவில்லை, சளி அடியில் தங்கிவிட்டது. நாளைக்குள் விரியாவிட்டால் திரும்ப ஐசியு, திரும்ப வாயில் குழாய்.

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "வலியே இல்லாத பிள்ளை ஏன் மூச்சு இழுக்க மாட்டேங்குது?"

முன்கூட்டி நிரப்பிய பூஜ்யங்களை நான் போட்டு உடைத்தேன். வார்டுக்கே கேட்கும்படி. லைலா சிஸ்டர்தான் வார்டுப் பொறுப்பு, தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். நின்று முழுவதும் கேட்டார். மன்னிப்புக் கேட்டார். முன்கூட்டி எழுதிய கட்டங்களை ரொஸ்னாவின் கையாலேயே வெட்டவைத்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பிறகு அவரே கட்டிலருகே போய்க் குனிந்தார். "காமினி, வலிக்குதாம்மா?"

காமினி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இல்லை சிஸ்டர்."

நான் பார்த்தேன். சிஸ்டரும் பார்த்தார். நகர்ந்து, எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, மறுபடி கேட்டார். இந்தத் தடவை பதிலே இல்லை. "நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்றார்.

போனேன். வந்து தாளைப் பார்த்தால்: படுத்திருக்கும்போது நான்கு. இருமினால் எட்டு.

எட்டு. இரண்டு நாளாக எட்டு.

"யாரு சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு கேட்டேன்" என்றார் சிஸ்டர், தாழ்ந்த குரலில். "சொல்லிருச்சு. உங்கள நான் குறை சொல்லலை. படுத்திருக்கிற பிள்ளைகிட்ட கதவுலேர்ந்து கேட்டது எங்க தப்பு. அசையவச்சு, இருமவச்சுப் பாக்கணும் லா."

அசையவைத்து. ஓடாத மெஷினில் கோளாறு தெரியாது என்று புதுசாக வருகிற பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்!

13 ஜூலை, ஞாயிறு

ரொஸ்னா எழுதின பூஜ்யம் பேனாவில் எழுதினது. நான் எழுதினது பிள்ளை வாய்க்குள்ளே. எது அசிங்கம்? நான்தான். என்னைப் பாத்தாதான் எனக்குக் குமட்டுது. லீவு முடியுதேன்னு பயந்தேனா? ஒரு இந்தியப் பொம்பள வந்து வார்டைப் படுத்துறான்னு யாராவது சொல்லிடுவாங்கன்னா? எதுக்குடி சொன்னே அப்படி?

லோகாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நானும் ஊசி போடறப்ப அழாதேன்னுதானே சொன்னேன்" என்றார். ஆறுதலாம். எனக்கு ஆறவில்லை.

காலையில் காமினியின் காதருகே போய், "அம்மா சொன்னது தப்பு. வலின்னு சொன்னாலும் வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

நம்பவில்லை. "மிஸ்ஸி கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"நீங்க?"

மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்து மணிக்குப் பிசியோ. முதல் தடவையாக, ஒன்பதரைக்கே வலி மருந்து கொடுத்துவிட்டார்கள். முயல் பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். இருமினாள். அப்புறம் போட்டாள் ஒரு சத்தம், "வலிக்குது!" என்று, பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து நின்றுவிட்டார். பச்சையாகச் சளி வந்தது. நான் கையிலேயே ஏந்தினேன். அருவருப்பே வரவில்லை.

இருமல் எண்: ஐந்து. எழுதியது ரொஸ்னா, கட்டிலருகே முட்டி போட்டு.

14 ஜூலை, திங்கள்

காய்ச்சல் இறங்கியது. ஐசியு வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு குமிழி ஊதினாள். ரொஸ்னா தலைத்துணியில் போய் உடைந்தது.

18 ஜூலை, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கடல் பாலத்தைத் தாண்டும்வரை லோகா வேனை நத்தை மாதிரி ஓட்டினார், பின்னால் ஹார்ன் அடித்தவர்களை எல்லாம் திட்டிக்கொண்டு. சிம்பாங் அம்பாட் வந்து சேர ஒன்றரை மணி நேரம்.

லைலா சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். வீட்டில் தினமும் வலியைக் கேட்டு எழுதி, அடுத்த தடவை வரும்போது கொண்டுவர வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

28 ஜூலை, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். சாலிடர் மெஷின் தாள் மாலை நான்குவரை நிரம்பியிருந்தது. அப்போது மணி காலை பத்து. கையெழுத்துப் போடவில்லை. "பன்னிரண்டு வருஷமா போட்டீங்க, இன்னிக்கு என்ன காக்?" என்று மலாயில் கேட்டான் லைன் லீடர் ஹஸ்ருல். தாளை அவன் மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் யாரும் என்னோடு உட்காரவில்லை. போகட்டும். பொய்த் தாளைப் பார்த்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

2 ஆகஸ்ட், சனி

ஓவர்டைம். கால் வீங்கிப்போச்சு.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மருத்துவமனை. லைலா சிஸ்டர் இன்று பரிசோதனை அறையில் இருந்தார். வீட்டுத் தாளை நீட்டினேன். முதல் பத்து நாள் மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று இருக்கும். வேலைக்குப் போன நாளிலிருந்து எல்லாம் பூஜ்யம். வலி போயே போச்சு சிஸ்டர் என்றேன், சந்தோஷமாக.

அவர் தாளைப் பார்க்காமல் காமினியைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்: "சும்மா இருந்தா இல்லை. சிரிச்சா மூணு. அப்பா வேன் மேட்டுல குதிச்சா அஞ்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க நான் டிவி பாக்கறப்பதானே கேட்டீங்க. அப்ப வலிக்கலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை கேக்கவே இல்லைம்மா."

சனிக்கிழமை கேட்கவில்லை. ஞாயிறு மாலை உட்கார்ந்து சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் சேர்த்து எழுதினேன். திங்கள் அப்போது விடியவே இல்லை. தாள் மேசைமேல் கிடந்தது. ஒரே பேனா. ஒரே சாய்வு. சிஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும்?

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். மூன்று கட்டத்தையும் நானே வெட்டினேன். இன்றைய கட்டம் காலியாக இருந்தது.

"அது அஞ்சு" என்றாள் காமினி, எட்டிப் பார்த்து. "வரும்போது வேன் குதிச்சிச்சுல்ல."

ஐந்து என்று எழுதினேன்.