ஒழுகாத கூரை

ஜூலை 3, வியாழன்

விடாத மழை. சுனாபட்டி சிக்னலில் நிற்கும்போது வண்டிக் கூரையிலிருந்து சொட்டு, நேராக விசாலத்தின் மடியில். துரு தின்ற ஓட்டை இன்னும் அகன்றுவிட்டது. டயாலிசிஸ் முடியும்வரை ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

திரும்பும் வழியில்: "ஏன்னா, இந்த ஒழுகற வண்டில இனிமே என்னால வர முடியாது. போறும்."

டாக்ஸி என்றேன். ஏறவும் இறங்கவும் அவளுக்கு நேரமாகும், டிரைவர் முணுமுணுப்பான் என்றாள். நிஜம்தான். நம் வண்டியில் முன் சீட்டு அவள் உடம்புக்குப் பழகிய சாய்வில் இருக்கிறது.

வாரம் மூன்று தடவை. போகாவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 4, வெள்ளி

டிங்கர் கடையில் கைவிரித்துவிட்டார்கள். இந்த மாடலுக்கு மேல்தகடு வருவதில்லையாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.

தாராவி போனேன். காஜா பாய், ஃபைபரில் துணிக்கடை பொம்மை செய்பவர், திருநெல்வேலிப் பக்கம். ஃபைபரிலேயே கார்க் கூரை என்ற என் யோசனையைக் கேட்டுச் சிரித்தார்.

"காருக்கு மண்டையா? நான் பொம்மைக்குத்தான் சார் மண்டை செய்யுதேன். சாமான் தாரேன், நீங்களே செஞ்சுக்கிடுங்க. ஒழுகுனா என்னைய வையப்பிடாது."

கண்ணாடி இழைப் பாய், ரெசின், அதை இறுக்கும் ஹார்டனர், பிரஷ், கையுறை. அச்சிலிருந்து கழற்ற மெழுகு வேண்டுமா என்றார். வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிப்பேன் என்று வந்துவிட்டேன்.

விசாலத்துக்கு விளக்கினேன். துவைத்த வேட்டி துவளும். கஞ்சி மட்டும் காய்ந்தால் உதிரும். கஞ்சி போட்ட வேட்டி விறைத்து நிற்கும். இழை வேட்டி, ரெசின் கஞ்சி. "கிளாஸ் எடுக்காதேள்," என்றாள்.

ஜூலை 5, சனி

டாக்ஸி. விசாலம் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அவள் என்னைப் பார்த்த பார்வை.

மாலை, பில்டிங் பார்க்கிங் ஷெட். பழைய கூரைதான் அச்சு. ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே பாய், ரெசின், மறுபடி பாய். முதுகுவலி. தலைவலி, ரெசின் நாற்றத்தால்.

ஜூலை 6, ஞாயிறு

பெயர்ந்து வரவில்லை. அடிப்பக்கம் பிசுபிசுப்பு, பாதி இடத்தில் பெயிண்டோடு ஒட்டிக் கிழிந்தது. எண்ணெய் ரெசினோடு கலந்துவிட்டது. இட்லித் தட்டுக்குத் தடவுகிற புத்தி.

விசாலம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "பாலக்காட்லேர்ந்து அக்கா கொடுத்தனுப்பின எண்ணெய். என் தலைக்குன்னு வெச்சிருந்தேன். காருக்கா தேய்ச்சு விட்டேள்?" சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

பிறகு, மெதுவாக: "செவ்வாக்கிழமை நான் வரலை. வண்டி ஆகட்டும்."

ஜூலை 7, திங்கள்

மறுபடி தாராவி. பாய்: "தோசையா சார் சுட்டிய?" மெழுகு டப்பாவைக் கையில் திணித்தார். பழையதைச் சுரண்டி, மெழுகு தேய்த்து, இரண்டாவது தடவை.

ஜூலை 8, செவ்வாய்

போகவில்லை. கணுக்கால் வீக்கம், அழுத்தினால் குழி. நர்ஸ் போன் செய்தாள். வண்டி ரிப்பேர் என்றேன். ஹோம்வொர்க் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று பிள்ளைகள் சொல்வது போலவே இருந்தது.

பகல்: புதுக் கூரை முழுசாகக் கழன்றது! பழைய இரும்புக் கூரையை வெட்டி எடுத்தேன், ஓரச் சட்டத்தையும் குறுக்குக் கம்பிகளையும் விட்டுவிட்டு. வாட்ச்மேன் உரக்க: "மாஸ்டர்ஜி கீ காடி டக்லி ஹோ கயி!" மாஸ்டர் வண்டி மொட்டையாம். எல்லோரும் ஜன்னலில்.

பசை பூசி ஒட்டி, மேலே செங்கல் பாரம்.

ஜூலை 9, புதன்

வாளி வாளியாக ஊற்றினேன். உள்ளே பரப்பிய செய்தித்தாள் நனையவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆயாச்சா?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரவெல்லாம் மூச்சு வாங்கல்.

ஜூலை 10, வியாழன்

பேய் மழை. விசாலம் நல்ல பச்சைப் புடவை. சீட்டில் சாய்ந்து, கையைத் தூக்கிக் கூரையைத் தடவிப் பார்த்தாள். "நன்னா பண்ணியிருக்கேள்."

சுனாபட்டி சிக்னல். அவள் மடி உலர்ந்தே இருந்தது. பெருமையாகத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, எங்கயாவது சொட்டறதா?"

"சொட்டலை." கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே உங்ககிட்ட என்ன சொல்லி இந்த டயாலிசிஸை நான் நிறுத்தறது?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள். வண்டியை ஓரம் கட்டினேன். மழை விடும்வரை இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை.