இமானியின் அட்டையில் உன் பெயர்

லவெல்,

கிடங்கில் இரவு வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பாய். முதலில் சாப்பிடு. அடுப்பின் மேல் கீரையும் சோள ரொட்டியும் இருக்கின்றன. பிறகு சோபாவில் படு. மூன்று மணிக்கு இமானியைப் பள்ளியிலிருந்து நீதான் கூட்டிவர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், "ஒனக்கு நம்ம புள்ள ஞாபகமே வராதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். நேற்று பள்ளிக் காவலர் மிஸ் வெர்லின் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவ அப்பன் மூணு தடவ வந்தான்டி. அட்டையில பேர் இல்லன்னு நாந்தான் திருப்பி அனுப்பினேன். மழையில நனைஞ்சுக்கிட்டே போனான். ஒரு பேர் எழுத ஒனக்குக் கை வலிக்குதா?"

பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பெயர் எழுதும் பள்ளி அட்டையில் உன் பெயரை வேண்டுமென்றே விட்டவள் நான்தான். அப்போதே ஆபீசுக்குள் போய் எழுதிக்கொடுத்தேன். கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. உன்னிடமும் கேட்கிறேன்.

லைசென்ஸ் காலாவதியானதற்குக் கவலைப்படாதே. வாசலில் அடையாளம் காட்ட, படம் போட்ட உன் வேலை அட்டையே போதுமாம். கேட்டுவிட்டேன். யாராவது மறுத்தால் திரும்பிப் போகாதே. அங்கேயே நின்று எனக்குப் போன் செய், நான் வருகிறேன்.

ரொண்டா

கீழ்வீட்டில் வாங்கிய என் வீட்டுச் சாவியை மறுபடி அங்கே கொடுக்க வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

நீ கூட்டிவர வருவதை இமானியிடம் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது, கதவருகே இருக்கும் பெரிய குடையை எடுத்துப் போ. இருவருக்கும் போதும்.