மூன்று சனிக்கிழமைகளும் கங்காவும்

10 ஜூன் 2023, சனி

மலேசிய அரசியலமைப்புச் சட்டம் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்காம். மூன்று சனிக்கிழமைகள், கோல சிலாங்கூரில். துணி துவைக்கும் நாள் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். மண்டபத்தில் ஏர்கோன் குளிர் வேறு.

நடத்தியவர் உஷாராணி, ரவாங்கில் வழக்கறிஞர். கையடக்கமான ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "திங்கக்கிழமை சபை கூடல்ல இதக் கடைப்பிடிப்போம்னு புள்ளைங்கள உறுதிமொழி சொல்ல வைக்கிறீங்க. யாராச்சும் தொறந்து பாத்திருக்கீங்களா?" நாற்பது ஆசிரியர்கள். ஒரு கைகூட எழவில்லை. பத்தொன்பது வருடமாக மைக் பிடித்து அதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்!

பிறகு 152ஆம் பிரிவை வாசித்தார். தேசிய மொழி மலாய். ஆனால் வேறு எந்த மொழியையும் கற்பிக்கவோ கற்கவோ யாரையும் தடுக்கக் கூடாது. அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என் பள்ளி, என் சம்பளம், வெண்பலகையில் நான் எழுதும் அ, ஆ... எல்லாம் இந்த ஒரு வரியின் மேலா நிற்கிறது? இது தெரியாமலா இத்தனை வருடம் அதன்மேல் உட்கார்ந்து மைலோ குடித்தேன்?

12 ஜூன், திங்கள்

உறுதிமொழியின் மூன்றாவது வரி அரசியலமைப்பைப் பற்றியது; அங்கே குரல் தடுமாறியது. தலைமையாசிரியர் தனபாலன் திரும்பிப் பார்த்தார்.

17 ஜூன், சனி

இன்று குடியுரிமை. 15ஏ பிரிவு: சிறப்புச் சூழ்நிலை இருப்பதாகக் கருதினால், இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட யாரையும் அரசாங்கம் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். யாரையும்! பெற்றவர் யார் என்றுகூட அந்த வரி கேட்கவில்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளைக்காக யோசித்து எழுதியிருக்கிறார்களே. திரும்பத் திரும்ப அதையே வாசித்தேன்.

கங்காவின் நினைவு வந்தது. என் ஆறாம் ஆண்டு வகுப்பு. இராஜம்மா கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று இருக்கிறது. இந்த ஆண்டு வகுப்பே பன்னிரண்டு வயதாகி அடையாள அட்டை எடுக்கிறது, அவளைத் தவிர. ஆனால் வகுப்புப் பதிவேட்டில், குடியுரிமைக்கு நேரே, 'விண்ணப்பம் நடப்பில்' என்று இருக்கிறதே?

19 ஜூன், திங்கள்

பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆறு ஆண்டும் அதே 'விண்ணப்பம் நடப்பில்'. போன ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து இந்த ஆண்டுக்கு எழுதுவதுதானே எங்கள் வழக்கம். மார்ச்சில் நானும் அப்படித்தான் எழுதினேன். முதலாம் ஆண்டுப் பதிவேட்டில் இருப்பது — என் கையெழுத்து. அப்போதும் நான்தான் வகுப்பாசிரியை.

அப்போது இராஜம்மா அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்த பழுப்பு உறை அலமாரியிலேயே இருந்தது. பத்திரங்களின் நகல், இரண்டு படங்கள். குடியுரிமை, அடையாள அட்டை எல்லாம் பார்க்கும் பதிவிலாகாவுக்குப் போகவே இல்லை.

20 ஜூன், செவ்வாய்

அசாம் ஜாவாவில் இராஜம்மா வீட்டுக்குப் போனேன். கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க கவர்மெண்டு ஆளுதானே டீச்சர்? உங்க கையில குடுத்தா கவர்மெண்டு கையில குடுத்த மாதிரின்னு இருந்துட்டேன்," என்றார். "வருஷா வருஷம் புள்ளகிட்ட கேப்பேன், காயிதம் வந்துச்சான்னு."

ஆறு வருஷம். ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? என்னைப் போய் அரசாங்கமா நெனச்சிருக்காங்க அந்த அம்மா!

கங்கா உறையைப் பிரித்துப் பார்த்தாள். "படம் பழசு டீச்சர். ஒன்னாம் ஆண்டு மூஞ்சி லா இது. புதுசு எடுக்கணும்."

24 ஜூன், சனி

கடைசி நாள். சாப்பாட்டு நேரத்தில் உஷாராணி என்னோடு உட்கார்ந்து கங்காவின் விண்ணப்பப் பாரத்தை நிரப்பினார். "கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கா ஆகலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனா கேக்காம எப்படிக் கெடைக்கும்?"

26 ஜூன், திங்கள்

தாமதம் என் தவறு என்று பதிவிலாகாவுக்கு விளக்கக் கடிதம் எழுதினேன். தனபாலன் சார் இரண்டு முறை படித்தார்.

"பள்ளி பேரு கெடும், டீச்சர்."

"என் பேரத்தான் போட்டிருக்கேன், சார்."

இழுப்பறையைத் திறந்தார். பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார்.

4 ஜூலை, செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு, இராஜம்மா, கங்காவோடு நானும் பதிவிலாகாவுக்குப் போனேன். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் பார்த்து, ரசீதை நீட்டினார். இராஜம்மா வாங்கப் பயந்து என்னைப் பார்த்தார். கங்கா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

10 ஜூலை, திங்கள்

சபை கூடல் முடிந்து வந்தால் வகுப்பு வாசலில் மூன்று பேர். கங்காவைப் போல் குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் பத்திரங்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில். இராஜம்மா சொல்லி வந்தார்களாம். காளியண்ணன் என்பவர் புக்கிட் பெருந்துங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில், விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார்.

"டீச்சர், அந்தப் புஸ்தகத்துல என் மகளும் இருக்காளா?"

மகளின் வயது கேட்டேன். பதினேழு.

"இருக்காண்ணே. ஆனா நாமதான் போய்க் கேக்கணும். ஒரு மணிக்குப் பள்ளி விட்டுடும், நானும் கூட வரேன்."