மல்லி கட்டி வந்த காகிதம்

அன்புள்ள மன்னி,

கொத்துமல்லி டின்னைக் கழுவிக் காயவைக்கச் சொன்னாள் அம்மா. அடியில் வட்டமாக மடித்துப் போட்ட காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், மல்லி வாசனையோடு ஏதோ பத்திரிகைக் கதையின் பாதிப் பக்கம். நீங்கள் போட்டதுதான். எழுத்து மேலே தெரியும்படி வேறு யார் போடுவார்கள்?

திருநெல்வேலியிலிருந்து அண்ணாவின் மனைவியாகக் எங்கள் ஊர் கரமனைக்கு வந்தபோது உங்களுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. "புஸ்தகத்தோட உட்கார்ந்தா வேலை யார் பாக்கறது?" என்று முதல் வாரமே அம்மா சொல்லிவிட்டாள். வாசலுக்குக்கூட அதிகம் வராத உங்களிடம் சாலைக் கடைத்தெருப் பொட்டலங்கள் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தன.

"கிழிக்காம பிரிடீ. கதையில அந்தப் பொண்ணு போன வாரத்துலேர்ந்து கிணத்தடியிலயே நிக்கறா. என்ன ஆனாளோ!" என்பீர்கள்.

அதற்காகவே கடையில் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகக் கட்டச் சொல்வேன். "ஏ பிள்ளே, அரை ராத்தல் மல்லிக்கு நாலு பொட்டலமா? வீட்டுல கடலாசையா வறுத்து அரைக்கிய?" என்று காகிதத்தைக் காட்டிக் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் தராசுத் தட்டில் காகிதத்தை விரித்துத்தான் மல்லியைக் கொட்டுவார். அதையும் நான் கவனித்தேன்.

பள்ளியில் தராசுப் பாடம் வந்தது. நிறுத்துப் பார்க்க ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். நீங்கள் சேர்த்து வைத்திருந்த காகிதக் கட்டைக் கேட்டேன். "பத்திரமாத் திருப்பிக் கொண்டாடீ" என்று கொடுத்தீர்கள். முக்கால் ராத்தல் இருந்தது! அன்று சாப்பிடும்போது பெருமை தாங்காமல், "அப்பா, காகிதத்தை மல்லி விலைக்கு வாங்கறோம்!" என்றேன்.

"பலே, கெட்டிக்காரி!" என்றார் அப்பா. ரசம் பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் கை அப்படியே நின்றது.

மறுநாள் அந்தக் கட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. கடைக்குக் கொண்டுபோக என் கைக்கு டின்களும் துணிப்பையும் வந்தன. "ஒரு துண்டுக் கடலாசு இனிமே இந்த ஆத்துக்குள்ள வரப்படாது" என்றாள் அம்மா. கணக்கு தப்பு என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். "தராசு பொய் சொல்லுமோடீ?" என்று கேட்டாள். நீங்கள் என்னைத் திட்டவே இல்லை. "உன் கணக்கு சரிதான்டீ" என்று மட்டும் சொன்னீர்கள். அதன்பின் நான் கடையிலிருந்து வரும்போதெல்லாம் டின்னைத் திறந்து பார்ப்பீர்கள். மல்லியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள்.

பிரசவத்துக்குத் திருநெல்வேலி போனீர்கள். தந்திதான் திரும்பி வந்தது.

அண்ணாவுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள். நன்றாகச் சமைப்பாளாம். படிக்கப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்க முடியாது. என்னையும் இந்த வருஷத்தோடு பள்ளியை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு.

டின் காய்ந்துவிட்டது. காகிதத்தைத் துடைத்து, எழுத்து மேலே இருக்கும்படி, திரும்ப அதிலேயே போட்டிருக்கிறேன். சாலைக் கடைக்குப் போக அம்மா கூப்பிடுகிறாள். அந்த டின்னைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மன்னி.