சோறு எந்தப் பக்கம்

ஒனோமிச்சி
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் குஷிரோவிலிருந்து அனுப்பிய உலர்ந்த கடற்பாசி வந்து சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடம் வரும். இங்கே இருப்பது நான் ஒருத்திதான் என்று கடைக்காரரிடம் சொல்லவில்லையா?

போன ஞாயிறு தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினோம். அதில் மூன்று நிமிடம் இரண்டு பேரும் மூச்சு விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு என்று போன உங்களை அந்த மீன் கிடங்கிலேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், மார்ச் பத்துக்குள் பதில் தர வேண்டும் என்றீர்கள். நான் "அப்படியா" என்றேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நான் சொன்னபோது நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். பழி சொல்வதற்காக எழுதவில்லை.

ஒரு செய்தி. நான் சமையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை மட்டும், ஹகினோ அக்கா என்பவர் வீட்டு அடுப்படியில். நான் துணி மடிக்கும் சலவைக்கூடத்தில் அவருடைய அறிவிப்பு ஒட்டியிருந்தது. முன்பு நகரப் பேருந்து ஓட்டியவர். இப்போதும் அப்படியே பேசுகிறார். "அடுத்த நிறுத்தம் சோயா. யாரும் முந்தி இறங்காதீங்க."

நான்கு பேர். ஊர் சுற்ற வந்த டென்மார்க் தம்பதி, நான், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் குஸாகாபே. அவர் மனைவி இனிச் சமைக்கமாட்டேன் என்று வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டாராம். "நாப்பது வருசம் தீயை அணைச்சேன். இப்பதான் பத்த வைக்கக் கத்துக்கிறேன்" என்கிறார்.

நேற்று உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வேகவைத்தோம். பாத்திரத்தைவிடச் சின்னதான மரமூடியைக் குழம்பின் மேலேயே மிதக்க விடுகிறார்கள். குழம்பு குறைந்தாலும் மேலே இருக்கும் துண்டு காயாது. ருசி பார்த்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். என் முறை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி, கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹகினோ அக்கா, "நிதானமா சொல்லு. வண்டி நிக்குது" என்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

உண்மையிலேயே கம்மியாகத்தான் இருந்தது.

உங்கள் மகள்
சியோரி


குஷிரோ
ஜனவரி 30

சியோரிக்கு,

இங்கே கடலோரம் உறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். மாலையில் கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே.

கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் எடுத்துவிடு. இதை உன் ஹகினோ அக்கா சொல்லியிருப்பார்.

நிரந்தர வேலை பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. உனக்கு அங்கே தனியாக இருப்பது வசதி என்றால் ஒப்புக்கொள்கிறேன். அவசரமில்லை. மார்ச் பத்து.

அப்பா


ஒனோமிச்சி
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்று கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்க முடியாது. முகத்துக்கு நேரே என்றால் அதைவிட முடியாது.

நேற்று வகுப்பில் சுட்ட மீன், மிசோ சூப், சோறு. தட்டு வைக்கும் வேலை எனக்கு. குஸாகாபேக்கு முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்மா, நான் எப்ப செத்தேன்? வீட்ல எனக்குச் சொல்லவே இல்லையே."

ஹகினோ அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்த டென்மார்க் தம்பதி என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். சோற்றை வலப்பக்கமும் சூப்பை இடப்பக்கமும் வைத்திருந்தேன். செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்களாம். உயிரோடு இருப்பவர்களுக்குச் சோறு இடப்பக்கமாம். எனக்குத் தெரியாது, அப்பா. நான் போய் வாசலில் செருப்புகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஹகினோ அக்கா வந்தார். "அந்தக் கிழவருக்கு வாய் கொஞ்சம் நீளம். விடு. யார்கிட்டடி கத்துக்கிட்ட இப்படி வைக்க?"

யோசித்தேன். யாரிடமும் இல்லை. பிறகு நினைவு வந்தது.

அம்மா இறந்தபின் நாற்பத்தொன்பது நாள் அத்தை நம் வீட்டில் இருந்தார் அல்லவா? தினமும் அம்மாவின் படத்துக்கு முன்னால் சின்னத் தட்டு வைப்பார். சாப்பிடுவது அம்மா என்பதால் தட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். என் பக்கத்திலிருந்து சோறு வலது, சூப் இடது. ஐம்பதாவது நாள் அத்தை ஊருக்குப் போய்விட்டார். அன்றுதான் முதன்முதலாக உங்களுக்கு நான் தட்டு வைத்தேன். எனக்குப் பதினொரு வயது.

பள்ளியில் மதிய உணவு வேறு மாதிரி வரும். அது பள்ளி முறை, இது நம் வீட்டு முறை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா எப்படி வைப்பார் என்று நினைத்துப் பார்த்தால் அம்மாவின் கை மட்டும் வருகிறது. கிண்ணம் வருவதில்லை.

அப்படியானால் ஆறு வருடத்துக்கும் மேலாக உங்களுக்குச் செத்தவர்களின் தட்டை வைத்திருக்கிறேன். நீங்கள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. கவனிக்கவில்லையா? அல்லது எதைச் சொன்னாலும் இவளுக்கு ஏறாது என்று விட்டுவிட்டீர்களா? பள்ளியை விட்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஜப்பானின் அந்தக் கோடிக்குப் போய்விட்டீர்கள்.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வேண்டாம். பார்த்துக்கொள்கிறேன்.

சியோரி


குஷிரோ
பிப்ரவரி 20

அன்பு மகள் சியோரிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாளே கவனித்தேன். எங்கே பார்த்துக் கற்றாய் என்பதும் அப்போதே தெரிந்தது. நீ எதிரே உட்கார்ந்து, நான் எடுக்கும் முதல் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கிண்ணத்தை மாற்றி வைத்தால் உனக்குத் தெரிந்துவிடும். சொன்னால் இனித் தட்டே வைக்கமாட்டாய் என்று பயந்தேன். அப்படியே சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சொல்லக்கூடிய நாள் தாண்டிப் போய்விட்டது.

பள்ளி விஷயமும் அப்படித்தான். "அப்படியா" என்பதற்குப் பிறகு ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். "பரவாயில்லை, வீட்டில் இரு" என்பது. அதற்குள் நீ எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாய். தண்ணீர்ச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றபோது எனக்குத் தைரியம் இல்லை. பிறகு கம்பெனி வடக்கே ஆள் கேட்டது. என் முகத்தைத் தினமும் பார்க்காவிட்டால் உனக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நினைத்துக் கை தூக்கினேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டு ஓடி வரவில்லை. அப்படி நீ நினைத்திருப்பாய் என்று இன்றுதான் புரிகிறது.

இங்கே விடுதியில் தட்டைச் சரியாகத்தான் தருகிறார்கள். மேசைக்குப் போனதும் சோற்றை வலப்பக்கம் மாற்றிக்கொள்கிறேன். கை அப்படியே பழகிவிட்டது. கூட வேலை செய்யும் ஒருவன் தினமும் கேட்கிறான். "என்ன குரிஹாரா, இன்னிக்காவது உசிரோட இருக்கியா?"

எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கு என்ன பதில் சொல்லட்டும்? நீ சொல்வதுதான் முடிவு.

அப்பா


ஒனோமிச்சி
மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் படித்துவிட்டேன். அங்கே படித்திருக்கக் கூடாது. மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

நேற்று வகுப்பில் மறுபடியும் நான்தான் தட்டு வைத்தேன். குஸாகாபே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "சியோரி, இன்னிக்கு நான் இருக்கேனா, போயிட்டேனா?"

"இருக்கீங்க. சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்டது. எனக்கே கேட்டது.

கடைசி வகுப்பு மார்ச் 22. அன்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆள் ஒருவருக்குச் சமைத்துப் போட வேண்டும். குஸாகாபேயின் மனைவி வருகிறார். ருசித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைநிறுத்தத்தைப் பற்றி யோசிப்பாராம். என் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயரை எழுதட்டும் என்று ஹகினோ அக்கா கேட்டார். "அப்பா" என்றேன். "குஷிரோவுல இருந்தா? ஒரு சாப்பாட்டுக்கா?" என்றார்.

ஒரு சாப்பாட்டுக்கு இல்லை என்று சொன்னேன்.

ஆகவே கம்பெனியிடம் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். எனக்குத் தனியாக இருப்பது வசதி இல்லை. கடற்பாசியும் தீரமாட்டேன் என்கிறது.

இப்போது எனக்கு இரண்டு மாதிரியும் வைக்கத் தெரியும். உங்களுக்கு எது வேண்டும் என்று நானாக முடிவு செய்யப் போவதில்லை. சோற்றையும் சூப்பையும் தட்டின் நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். சோறு எந்தப் பக்கம் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நிதானமாகச் சொல்லுங்கள். அன்று நான் எழுந்து போகமாட்டேன்.

உங்கள் மகள்
சியோரி